அலகில்லாத இருபது

யாராவது என்னிடம் வெறும் எண்ணைச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தூரம் பத்து, மழை நாற்பது, எடை இருநூறு என்று சொல்லிவிட்டு, சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டதுபோல் நிற்பார்கள். பத்து என்ன? மைலா, கிலோமீட்டரா? கேட்டால், "அதான் உங்களுக்கே தெரியுமே" என்று சிரிப்பார்கள். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்று அடுத்தவர் பாட்டுக்கு முடிவு கட்டிக்கொள்வதும் எனக்குப் பிடிக்காது.

வேலைக்காலம் முழுவதும் ஓர் ஆராய்ச்சி அலுவலகத்தில் கணினிக்கு நிரல் எழுதினேன். ரப்பர் பாலின் எடை, மண்ணின் ஈரம், மழை அளவு, இவைதான் என் கணக்குகள். அந்தக் காலத்தில் அட்டையில் ஓட்டை போட்டுத்தான் கணினியிடம் பேச வேண்டும். நிரலில் ஓர் அளவுக்குப் பெயர் வைக்க ஆறு எழுத்துக்கு மேல் இடம் கிடையாது. அந்த ஆறில் இரண்டைப் பிடுங்கி நான் அலகுக்குக் கொடுத்துவிடுவேன். எடை என்றால் ராத்தலா கிலோவா என்பது பெயரின் வாலிலேயே தொங்கும். கூட வேலை பார்த்த பையன்கள் கேலி செய்வார்கள். "அக்கா, மழைக்கும் வால் வச்சாச்சா?" என்பான் ஒருவன். வைத்தாயிற்று, போய் வேலையைப் பார் என்பேன்.

கணினி சொன்ன பேச்சைக் கேட்கும், ஆனால் அதற்கு எதுவும் தெரியாது. ராத்தலையும் கிலோவையும் கூட்டச் சொன்னால் கூட்டித் தந்துவிடும். எதனோடு எதைக் கூட்டுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்காது. அப்படிக் கேட்காத மனிதர்களையும் நான் பார்த்திருக்கிறேன். என் அப்பா ஒரு வெறும் எண்ணால் தடுப்பு முகாமுக்குப் போனவர்.

அது மலாயாவில் வெள்ளைக்கார அரசு காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம். கோலா பிலா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் மரம் வெட்டினார்கள், அதாவது பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுப்பது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயதிருக்கும். தம்பி சின்னவன். எங்கள் லயத்தை, தொழிலாளர் வீட்டு வரிசைகளை, சுற்றி முள்கம்பி வேலி. வாசலில் துப்பாக்கியோடு காவல். காலையில் வெட்டுக்குப் போகிறவர்களின் வாளியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள், பெண்களைத் தடவிப் பார்க்க ஒரு மலாய்க்கார அம்மா இருந்தார். எதற்கென்றால், ஒரு பிடி சோறுகூட வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் இருப்பவர்கள் கைக்குப் போய்விடக் கூடாது. கடையில் பால் டின் வாங்கினால்கூட, கடைக்காரர் கண்ணெதிரே ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார். ஓட்டை போட்ட டின்னை யாரும் பதுக்கி வைக்க முடியாது, கெட்டுவிடும்.

அரிசிக்குப் பங்கீடு. எங்கள் வீட்டுக்கு வாரத்துக்குப் பத்து காத்தி. காத்தி என்பது கடைத்தராசின் எடை, ஒன்றேகால் ராத்தலுக்குக் கொஞ்சம் மேலே வரும். கதவு எண் வரிசைப்படி ஒவ்வொரு நாளும் சில வீடுகளுக்குக் கொடுப்பார்கள். பத்து காத்திக்கு மேல் வீட்டில் அரிசி இருந்தால் குற்றம். வாங்கிய அரிசியை வேறு வீட்டுக்குக் கொடுத்தாலும் குற்றம்.

கடையில்தான் காத்தி. வீட்டுக்குள் வந்துவிட்டால் அந்த வார்த்தையை யாரும் எடுப்பதில்லை. எல்லா வீட்டிலும் அரிசிப் பானைக்குள் ஒரு காலிப் பால் டின் கிடக்கும், மேல்தகட்டை வெட்டி எடுத்து விளிம்பைத் தேய்த்தது. எல்லோரும் ஒரே பால் வாங்கினதால் எல்லா டின்னும் ஒரே அளவு. தலையை விரலால் வழித்துவிட்டால் இரண்டு டின் ஒரு காத்தி. லயத்தில் "டின்" என்றுகூடச் சொல்ல மாட்டார்கள். "இன்னிக்கு நாலு போட்டேன்", "விருந்தாளி வந்திருக்கு, ஆறு போடு", அவ்வளவுதான். நாலு என்றால் என்ன நாலு என்று கேட்கிற ஆள் எங்கள் லயத்தில் பிறக்கவே இல்லை.

அன்றைக்கு எங்கள் வரிசையின் கடைசி இரண்டு வீடுகளுக்கு அரிசி நாள். ஒன்று நாங்கள். இன்னொன்று பக்கத்து வீடு, அம்மாவை அக்கா என்று கூப்பிடும் ஓர் இளம்பெண், கைக்குழந்தைக்காரி. அம்மா அரிசியைக் கொண்டுவந்ததும் வழக்கம்போல் அளந்து பானையில் போட்டாள். நான்தான் எண்ணினேன். இருபது. கடைக்காரர் ஏமாற்றவில்லை என்று அம்மா திருப்திப்பட்டுக்கொண்டாள்.

மத்தியானம் நாங்கள் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெண் குழந்தைத் துணி மூட்டை ஒன்றை இடுப்பு சாயச் சுமந்துகொண்டு கீழ் லயத்துப் பக்கம் போனாள். ஈரத்துணிக்கு அத்தனை கனம் கிடையாது. கீழ் லயத்தில் அவளுடைய தாய்வீடு இருந்தது, அங்கே சின்னப் பிள்ளைகள் நிறைய, பங்கீடு போதாது. அம்மா என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் துணியைப் பிழிந்தோம்.

அதற்குக் கொஞ்ச நேரம் கழித்து லாரி வந்தது. போலீஸ்காரர்கள், ஒரு வெள்ளைக்கார அதிகாரி, அவரோடு சிரம்பானிலிருந்து வந்த தமிழ் மொழிபெயர்ப்பாளர். நாங்கள் இருந்த மேல் லயத்தை மட்டும் வளைத்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்டார்கள். மொழிபெயர்ப்பாளர் கேட்டது ஒரே கேள்வி. "வீட்டுல அரிசி எவ்வளவு இருக்கு?" பதிலை அதிகாரி ஒரு தாளில் கதவு எண்ணுக்கு நேரே எழுதிக்கொண்டார். ஆறு என்றார்கள் ஒரு வீட்டில். ஒன்பது என்றார்கள் இன்னொன்றில். பக்கத்து வீட்டுப் பெண் எட்டு என்றாள்.

எங்கள் வீட்டில் அம்மா, "இருபது" என்றாள்.

சொல்லும்போது அவள் முகத்தில் பயமே இல்லை. கடையில் கொடுத்தது அப்படியே இருக்கிறது, பொய் சொல்ல என்ன இருக்கிறது? ஆனால் மொழிபெயர்ப்பாளர் டவுன்காரர். அவருக்கு அரிசி என்றால் காத்தி. அவர் தப்பாகச் சொல்லவும் இல்லை, இருபது என்பதை இருபது என்றே ஆங்கிலத்தில் சொன்னார். அந்தத் தாளில் காத்தி என்று முன்பே போட்டிருந்தது. பத்துக்கு மேல் போனது எங்கள் வீடு மட்டும். பானையைத் தூக்கி, வேறு எங்கிருந்தோ பிடித்துவந்த அரிசி மூட்டைக்குள் கொட்டினார்கள். கொட்டின பிறகு எது எங்கள் அரிசி என்று யாரால் சொல்ல முடியும்? வெட்டு முடிந்து குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்த அப்பாவை அதே லாரியில் ஏற்றினார்கள்.

அம்மா லாரிக்குப் பின்னால் ஓடினாள். "ஐயா, இருபது டின்னுங்கய்யா! பால் டின்னு!" என்று கத்தினாள். அந்த நேரத்தில் அலகைச் சொல்லி என்ன பிரயோசனம்?

தோட்டத்து அலுவலகக் குமாஸ்தா, கிராணி என்போம், நல்ல மனிதர். தோட்டத்தை நடத்தின வெள்ளைக்காரத் துரையிடம் பேசி, துரை போலீசுக்கு எழுதி, அம்மாவைக் கூப்பிட்டு விசாரிக்க ஒரு நாள் வாங்கிக் கொடுத்தார். முந்தின நாளே அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். "இந்தாம்மா, ஒனக்கு மட்டும் டின்னு கணக்குன்னா அவங்க நம்ப மாட்டாங்க. மாட்டுனப்புறம் கதை கட்டுறேன்னுதான் நெனப்பாங்க. லயத்துல அத்தன பேரும் அன்னிக்கு டின்னுலதான் சொன்னாங்கன்னு சொல்லு. அதுதானே உண்மை? நான் துரைகிட்ட சொல்லி, எல்லா வீட்டையும் சாட்சிக்கு வரச் சொல்றேன். ஒம் புருஷன் வந்துருவாரு." அது லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. எல்லோரும் அம்மாவுக்குத் தைரியம் சொன்னார்கள். பக்கத்து வீட்டில் மட்டும் கதவு திறக்கவில்லை.

கோலா பிலாவில் ஓர் அறை. மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரியும் மொழிபெயர்ப்பாளரும். இந்தப் பக்கம் அம்மா, அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நான். கிராணி வெளியே மரநிழலில் நின்றுவிட்டார், உள்ளே விடவில்லை. அம்மா ஒரு துணியில் எங்கள் பால் டின்னைச் சுற்றிக் கொண்டுபோயிருந்தாள். அதை மேசைமேல் வைத்தாள். அதிகாரி எடுத்துத் திருப்பிப் பார்த்தார், கோபமாக இல்லை. யோசிக்கிற முகம்தான். அவருக்குப் பக்கத்தில் அன்றைக்கு எழுதின தாள் இருந்தது, கையில் பென்சில்.

மொழிபெயர்ப்பாளர் கேட்டார். "ஒங்க லயத்துல எல்லாருமே இப்படி டின்னு கணக்குலதான் சொல்வாங்களாம்மா? அன்னிக்கும் எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்களா? ஆமான்னு சொன்னா, இந்தத் தாள்ல இருக்கிற எல்லாத்தையும் பாதி பண்ணிப் பார்ப்பாரு இந்தத் தொர."

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் கதவுகளின் வரிசை தெரியும். எங்கள் வரிக்குப் பக்கத்து வரி யாருடையது என்று தெரியும். அங்கே ஓர் எட்டு இருக்கிறது. பாதியாக்கினால் நாலு காத்தி. காலையில் பத்து காத்தி வாங்கினவள் வீட்டில் மத்தியானம் நாலு காத்தி இருந்தால், மீதி ஆறு எங்கே போனது என்று கேட்பார்கள். தாய்வீட்டுக்கு என்று அவள் சொன்னால் அதுவே குற்றம். காட்டுக்குத்தான் போயிருக்கும் என்று இவர்கள் நினைத்தால் அவள் கதி அதோகதி.

அம்மா அந்தப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கை வலிக்கிற அளவுக்கு இறுக்கினாள். பிறகு சொன்னாள்.

"இல்லைங்கய்யா. நான் மட்டுந்தான் அப்படி. மத்தவங்கெல்லாம் காத்தியிலதான் சொல்வாங்க."

மொழிபெயர்ப்பாளர் மறுபடியும் கேட்டார். மூன்றாவது தடவை, "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா" என்றார், பாவம், அவருக்கே மனசு கேட்கவில்லை. அம்மா தலையை ஆட்டினாள். அதிகாரி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு டின்னை அம்மாவிடம் நீட்டினார்.

வெளியே வந்து கிராணியிடம் அம்மா, "சொல்லிப் பாத்தேங்க, நம்பல" என்றாள். பஸ்ஸில் என்னிடம் ஒரே வார்த்தைதான் பேசினாள். "ஒங்கப்பாகிட்ட சொல்லாத." எனக்கு அவள்மேல் அப்போது வந்த கோபம் இப்போதும் ஞாபகம் இருக்கிறது. என் அப்பாவை விட்டுவிட்டு வந்துவிட்டாளே என்று ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அந்த டின் அவள் மடியில் இருந்தது.

அப்பா இல்லாமல் இரண்டு தீபாவளி போனது. அந்த நாட்களில் அம்மா தன் நிரை மரங்களை வெட்டி முடித்துப் பால் எடுக்கப் போனால், பாதி மரத்தில் கோப்பை காலியாக இருக்கும். பக்கத்து வீட்டுப் பெண் தன் வேலையை முடித்துவிட்டு வந்து, எடுத்து அம்மா வாளியில் ஊற்றிவைத்துவிட்டுப் போயிருப்பாள். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. விசாரணைக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் தன்னைத் தேடி லாரி வரும் என்று அவள் காத்திருந்திருப்பாள். வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவளுக்குப் புரியாமல் இருந்திருக்காது.

அப்பா திரும்பி வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தார். பக்கத்து வீட்டுக் குழந்தை அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தது. அதைத் தூக்கித் தூக்கிக் கொஞ்சினார். அம்மாமேல் மட்டும் அவருக்கு ஒரு முள் தங்கிவிட்டது. பிறகு நாங்கள் சிரம்பானுக்குக் குடிபோனோம், நாடு சுதந்திரம் அடைந்தது, அவசரகாலம் முடிந்தது, அந்த முள் போகவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், அம்மா எதற்காவது ஓர் எண்ணைச் சொன்னால் அப்பா ஆரம்பித்துவிடுவார். "பாத்துங்க, அவ கணக்க நம்பிராதீங்க. இருபதுன்னு சொல்லி என்னை உள்ள தள்ளுன ஆளு." வந்தவர்கள் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள். எனக்குக் கையில் இருப்பதைத் தூக்கி எறியலாம்போல் இருக்கும். அம்மா கண்ணாலேயே என்னை அடக்கிவிடுவாள்.

நாடு ராத்தலிலிருந்து கிலோவுக்கு மாறிய சமயம், எங்கள் அலுவலகத்தில் பெரிய குழப்பம். தோட்டங்களிலிருந்து வரும் கணக்கில் சிலர் பழைய அலகு, சிலர் புது அலகு, பலர் அலகே எழுதுவதில்லை. அலகு இல்லாத எண் வந்தால் நிரல் அங்கேயே நின்றுவிட வேண்டும், ஆளைக் கேட்காமல் ஓர் அடி நகரக் கூடாது என்று நான் எழுதிவைத்தேன். வேலை தேங்கியது. வாலைக் கேலி செய்த அதே பையன் வந்தான். "அக்கா, இல்லன்னா கிலோன்னு எடுத்துக்கலாம்லா. ரொம்பப் பெரிசா வந்தா மட்டும் நிறுத்துவோம். வரம்பு வச்சா போதும்லா."

அவனிடம் நான் கத்திவிட்டேன். அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. வரம்பைத் தாண்டின தப்பை எந்த முட்டாளும் பிடித்துவிடுவான். எங்கள் லயத்தில் அன்றைக்கு எழுதின எண் அத்தனையும் தப்பு. மாட்டினது இருபது மட்டும். எட்டும் ஆறும் ஒன்பதும் நல்ல பிள்ளையாக வரம்புக்குள் உட்கார்ந்திருந்தன, ஒருவரும் அவற்றை எதுவும் கேட்கவில்லை. இதை அவனிடம் எப்படிச் சொல்வது? "நான் சொன்னபடி போடு" என்று மட்டும் சொன்னேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது ஒன்று உறைத்தது. என்னுடைய அந்தச் சோதனை அன்றைக்கு எங்கள் லயத்தில் இருந்திருந்தால், ஒவ்வொரு வாசலிலும் "என்ன இருபது, என்ன எட்டு" என்று யாராவது கேட்டிருந்தால், அப்பா போயிருக்க மாட்டார். பக்கத்து வீட்டுப் பெண் போயிருப்பாள், கைக்குழந்தையோடு. சரியான அலகு இரண்டு வீட்டில் ஒரு வீட்டைத்தான் காப்பாற்றியிருக்கும். அது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, நாற்காலிகூடக் கொடுக்காத ஓர் அறையில், ஒரு பென்சிலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது. எனக்குப் புரிவதற்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது. நடுரோட்டில் நின்று அழுதேன். மறுநாளும் நிரலை மாற்றவில்லை.

அம்மா சிரம்பானில்தான் இறந்தாள். கூடத்தில் கிடத்தியிருந்தோம். வாய்க்கரிசி போடும் நேரம் வந்தது. தாம்பாளத்தில் அரிசியை வைத்துக்கொண்டு நான் நின்றேன். உறவுக்காரர்கள் வரிசையாக வந்து ஒரு பிடி எடுத்துப் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். அப்பா முதல் ஆளாகப் போட்டுவிட்டுச் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. அப்போதும் யாரிடமோ, "வெகுளி. கணக்குத் தெரியாது அவளுக்கு" என்றார்.

வரிசையில் வந்த ஒரு நரைத்த பெண்மணி அதைக் கேட்டு நின்றுவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்தான். நாங்கள் தோட்டத்தை விட்டு வந்து எத்தனையோ வருடம் கழித்துப் பார்க்கிறேன். கையில் எடுத்த அரிசியை மூடிக்கொண்டு அப்பாவின் முன்னால் போய் நின்றார்.

"அண்ணே, அக்காவுக்குக் கணக்குத் தெரியும்" என்றார். "அன்னிக்கு நானும் டின்னுலதான் சொன்னேன். எட்டுன்னு. மீதிய எங்கம்மா வீட்டுல கொண்டுபோய்க் கொட்டியிருந்தேன். அக்கா பாத்துச்சு. எல்லாரும் டின்னுதான்னு அக்கா ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீங்க வந்திருப்பீங்க. நான் போயிருப்பேன். மொதல்ல பயத்துல சொல்லல. அப்புறம் வெக்கத்துல சொல்லல. இனிமே அக்கா கேக்காது, அதனால சொல்றேன்."

அவர் போய் அம்மாவின் வாயில் அந்த அரிசியைப் போட்டுவிட்டு, அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். "ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்பா. நான் பக்கத்துலதான் நின்னேன்."

ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியைப் பிடித்து எழுந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றார். "நீங்க அப்பவே போட்டாச்சு, ஒருத்தருக்கு ஒரு தடவதான்" என்று யாரோ அவர் தோளைத் தொட்டுச் சொன்னார்கள். அவர் நகரவில்லை. தன் முறை வரும்வரை நின்று, என் தாம்பாளத்திலிருந்து மறுபடியும் ஒரு பிடி எடுத்தார்.